மூன்று மாதம் நான் போடாத கையெழுத்து

எனக்கு எழுபத்தொரு வயது. எட்டுப் பெற்றேன்; ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன்.

பக்கத்து வீட்டுச் செல்லத்தின் பிள்ளை செத்ததற்கு நான்தான் காரணம். பழியைச் சுமப்பவள் வேறொருத்தி. இதை நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்... எழுத்துப் பிழையை மட்டும்!

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். பதினொரு வருடத்துக்கு முன்னால், ஊருக்கு ஒரு சுகாதாரத் தொண்டர் என்று ஆள் எடுத்தார்கள். பேச்சிக்கு அந்த வேலை கிடைத்தது. புருசனை இழந்தவள், எட்டாவது படித்தவள். தகரப் பெட்டியில் மாத்திரைகளோடு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பாள். மாதாமாதம் படி என்று ஒரு சிறு தொகை. அது கைக்கு வர வேண்டுமானால், வேலை பார்த்தாள் என்று அவள் நோட்டில் மாதர் சங்கத் தலைவி கையெழுத்துப் போட வேண்டும்.

தலைவி நான்தான். அதுவரை கைநாட்டுத்தான். "தலைவி மையில வெரல முக்கலாமா பெரியாத்தா?" என்று என் கையைப் பிடித்து, ஒச்சம்மாள் என்று எழுதப் பழக்கியவளே பேச்சிதான்! "புள்ளிய மறந்துட்டீக. புள்ளி இல்லாட்டி எனக்குப் படி வராது, பாத்துக்குங்க" என்று சிரிப்பாள்.

ஒருநாள் சாவடியில் பெண்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைக்கு வயிற்றால் போனால் தண்ணீரை நிறுத்தக் கூடாதாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு சொம்பு, சர்க்கரை ஒரு பிடி, மூன்று விரலில் எடுக்கும் உப்பு... கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் தண்ணீரை நிறுத்துவதுதான் வழக்கம்.

"அஞ்சு வளத்தவ நான். எனக்கே புள்ள வளக்கச் சொல்லித் தாரியாடி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சியும் சிரித்தபடியே கேட்டாள்: "வளத்தது அஞ்சு. பெத்தது எம்புட்டு பெரியாத்தா?"

"எட்டு."

"மத்த மூணும் எதுல போச்சு?"

சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றும் வயிற்றால் போய்த்தான் செத்தன. மூன்றுக்கும் தண்ணீரை நிறுத்தியவள் நான். கடைசிப் பிள்ளை என் விரல் ஈரத்தை நக்கியது... அதைச் சபையில் கேட்டுவிட்டாளே! அவள் சொல்வது உண்மை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்ததனால்தான் அவளைப் பொறுக்க முடியவில்லை.

அந்த மாதம் நோட்டை நீட்டினாள். கை நடுங்குகிறது, பிறகு வா என்றேன். அடுத்த மாதம் கண் தெரியவில்லை என்றேன். மூன்றாம் மாதம், "என்ன வேலடி பாத்த நீயி, கையெழுத்துப் போட?" என்றேன். நோட்டை மடக்கிக்கொண்டு போனாள். அந்த வாரமே பெட்டியை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு, ஆனையூர்ப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள்.

சித்திரை வெயிலில் செல்லத்தின் ஒன்பது மாதப் பிள்ளைக்கு வயிற்றால் போனது. என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தே, தண்ணி குடுக்கணும்னு பேச்சி சொன்னாளே... எங்க மாமியா வேணாங்குது. நீங்க சொல்லுங்க, குடுக்கவா?"

அளவு எனக்கு மனப்பாடம். சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்? ஆனால், கொடு என்று சொன்னால் என் மூன்றையும் நானே கொன்றேன் என்று ஆகிவிடுமே!

"குடுக்காத. நாங்கல்லாம் வளக்கலையா?" என்றேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் பிள்ளை அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள், சாவுக்குத் துட்டி கேட்கப் பேச்சி வந்தாள். அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, நோட்டைக் கொடு, மூன்று மாதத்துக்கும் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"நோட்டு பெட்டியோட போயிருச்சு பெரியாத்தா" என்றாள். பிறகு, "புள்ளைக்குத் தண்ணி குடுத்தாகளா?" என்று கேட்டாள்.

வந்தவர்களுக்குப் பாய் விரிக்க உள்ளே போய்விட்டேன்.

அதன்பின் எங்கள் ஊருக்கு வேறு தொண்டர் வரவில்லை. செல்லம் இன்றும் சொல்லி அழுகிறாள்: "காசு பெருசுன்னு போயிட்டா பாவி. அவ இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்கும்." நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து வருடமாக... தலையை ஆட்டிக்கொண்டு!

எழுதியது சரியா என்று, மற்ற எழுத்துகளை எனக்குப் பழக்கிய என் பேத்தி வாசுகிதான் பார்க்க வேண்டும்.

வாசுகி, இந்தாத்தா, இத வாசி. எதையும் முழுங்காம வாசி. மெதுவா... இல்ல, சத்தமாவே வாசி. செல்லம் வாசல்லதான் புளி தட்டிக்கிட்டு இருக்கா.