பாதத்தால் கேட்டவர்

சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலிருக்கும் மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சத இயந்திரம் அது. முகப்பில் ஐந்தாள் உயரச் சக்கரம், அதைச் சுற்றி வாளிகள், வாளிகளின் விளிம்பில் இரும்புப் பற்கள். அதை ஓட்டியவரைச் சக்கரக்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருடம் அந்த இரைச்சலில் உட்கார்ந்ததில் அவருக்குக் காது போய்விட்டது. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

செவிடனைச் சக்கரத்தில் உட்காரவிட மாட்டார்கள். மண்ணுக்குள் பாறை வந்தால் சத்தம் மாறும். உடனே நிறுத்தாவிட்டால் பற்கள் நொறுங்கும். இவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரைத்தகட்டில் ஊன்றிக்கொள்வார். பாறை வந்தால் குதிகாலில் சுரீரென்று ஏறும். காது போன இந்த ஒன்பது வருடத்தில் ஒரு பல்கூட உடையவில்லை.

ஆண்டுதோறும் நடக்கும் காது சோதனையையும் ஒப்பேற்றினார். சத்தம் தரும் பொத்தானை நர்ஸ் அழுத்தும்போது அவள் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்துக் கை தூக்குவார். அவளும் 'நன்று' என்று எழுதிவிடுவாள்.

போன மாதம் ஓட்டுநர்கள் இயந்திர அதிர்வால் முதுகுவலி என்று மனு எழுதினார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் ஏனென்று துருவுவார்களே என்று இவரும் போட்டார். கேபின் தரை முழுக்கக் கனத்த ரப்பர் விரித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை குதிகால் சும்மா இருந்தது. கீழே கன்வேயர் பார்க்கும் மைத்துனன் ஓடிவந்து கையை ஆட்டியபோது பதினோரு பல் போயிருந்தது.

"மச்சான், காது என்ன அவிஞ்சு போச்சா? ஊருக்கே கேட்டுச்சே!"

அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஆமாப்பா," என்றார். முதல் தடவையாக ஒத்துக்கொண்டார்.

மருத்துவ அதிகாரி முகக்கவசத்தோடு உட்கார்ந்து ஒன்பது வருடக் காது சோதனைத் தாள்களையும் புரட்டினார்.

"அந்த மெஷின்தான் சார் இவரு காதைத் தின்னுச்சு," என்றாள் வீட்டுக்காரி.

"வேலையால போச்சுன்னா ஆபீஸ்ல ஒரு நாற்காலி குடுப்போம்மா. ஆனா போன வருஷம்வரைக்கும் இவருக்கு அருமையா கேட்டிருக்கே. இது வயசுக் கோளாறு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். ஏமாற்றினான் என்று வேறு எழுதுவார்கள்.

முகக்கவசத்துக்குள் என்ன பேசினாரென்று அவருக்குத் தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் அலறினார்: "என்னடி சொன்னாரு? எப்ப ஏறலாமாம்?"

அவள் அவர் முன்னால் வந்து நின்று, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னாள்.

"உங்களுக்குக் காது நல்லா கேட்டுச்சாம். இனிமே வர வேணாமாம்."