கோசு வாங்கப் போன கதை

முட்டைக்கோசைக் கண்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோசு என்ன செய்தது பாவம், எல்லாம் அப்பா செய்தது.

ஏற்காடு ஏரிக்கரையில் எங்களுக்குப் பக்கோடாக் கடை. தீபாவளிக் கூட்டம் வரும் நேரம் பார்த்து வெங்காயம் விலை ஏறித் தொலைத்தது. பக்கோடா விலையைக் கூட்டினால் வருகிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். கூட்டாவிட்டால் எண்ணெய் வாங்கக்கூடக் கட்டாது. அப்பா தாடியைச் சொறிந்து சொறிந்து யோசித்து, வெங்காயத்தைப் பாதியாகக் குறைத்துக் கோசைப் பொடியாக நறுக்கிப் போடச் சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மாவு பிசைந்தாள். வாங்கியவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் 'கோசுக் கடை' என்று பேர் விழும், அப்புறம் ஈகூட எட்டிப் பார்க்காது. ஆகவே டவுனில் கோசு வாங்கக் கூடாதாம். பள்ளி விட்டதும் நான் நாகலூர் பஸ் ஏறி, அங்கேயுள்ள சின்னக் கடையில் வாங்கி, புத்தகப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வர வேண்டுமாம். புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்டேன்.

"கையில புடிச்சுக்க சாமி. நொம்பப் படிக்கிற புள்ளைன்னு நெனப்பாங்க."

என்ன மூளை!

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்துக் கடைக்காரர் மகள் இருந்தாள். அவள் பையும் வயிறு புடைத்திருந்தது. புத்தகங்கள் மடியில். எங்கே போய்விட்டு வருகிறாய் என்றேன். "அத்தை ஊட்டுக்கு" என்றாள். நானும் அத்தை ஊட்டுக்குத்தான் என்றேன். அவளுக்கு நாகலூரில் நிஜமாகவே ஓர் அத்தை இருப்பதை நினைத்து எனக்குப் பொறாமை வேறு.

கொஞ்ச நாளில் நாகலூர்க் கடைக்காரர் கோசு விலையை ஏற்றினார். "மூட்டையப் பிரிக்கறதுக்குள்ள காலியாவுது கண்ணு. கோசுக்கு இப்படியொரு கிராக்கிய நான் பாத்ததே இல்ல" என்றார். அடுத்த வாரம் அது வெங்காயத்தையே எட்டிப் பிடித்துவிட்டது.

அப்பா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"யாருகிட்டச் சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லலீங்கப்பா."

"நீ சொல்லாமயா வெலை ஏறுச்சு?"

அடக் கடவுளே! சத்தியம் செய்தேன், அழுதேன். "புள்ளையப் போயி சந்தேகப்படறீங்களே, நல்லா இருக்குதுங்களா?" என்று அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். 'கண்ணு', 'சாமி' என்று கூப்பிடுவதும் நின்றது. தட்டில் சோறு வைத்தால்கூட என் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டார். தூக்கத்தில் உளறியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்து, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு படுத்தேன். மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

கடைசியில் பொறுக்க முடியாமல், "ஆமாங்கப்பா, நாந்தான் சொன்னேன்" என்றேன். அப்பா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "உண்மையச் சொன்னியே, அது போதும் கண்ணு" என்று தலையைத் தடவி, சூடாக ஒரு பக்கோடாவைக் கையில் வைத்தார். அவர் மறுபடியும் கண்ணு என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் அழுதுகொண்டே தின்றேன்.

மறுநாள் பள்ளிக்குப் போனால், பக்கத்துக் கடைக்காரர் மகள் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு எதிரே பக்கோடா போடுகிறவரின் பையன் யாரோடும் பேசவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். வெங்காயம் ஏறினால் கடைக்குக் கடை கோசு வெந்திருக்கும், ரகசியத்தை யாரும் யாரிடமும் சொல்லியிருக்கத் தேவையில்லை என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்? ஏரிக்கரைக்கே துரோகம் செய்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து, அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்களும் குனிந்துகொண்டார்கள்.