தட்டில் வெட்டிய இரண்டு எழுத்து

பொம்மிடியில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டினேன். கையில் சின்ன உளி, சுத்தியல். எண்பதுகளில் எல்லார் வீட்டுக்கும் எவர்சில்வர் வந்துகொண்டிருந்தது. முழுப் பேர் வெட்டினால் நேரமாகும். இங்கிலீஷில் இனிஷியல்தான் கேட்பார்கள். அப்பன் எழுத்து, புள்ளி, பிள்ளை எழுத்து, புள்ளி. எழுத்துக்குப் பல அடி வேண்டும். புள்ளிக்கு ஒரே அடி.

மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். பெரிய எழுத்து மட்டும் தெரியும், அதுவும் படம் பார்ப்பதுபோல. ஒரு வாத்தியார் தன் மகனின் படிப்பையும் குடத்தில் வெட்டச் சொன்னார்.

"பி.எஸ்.சி.யில கடைசி சி சிறுசுப்பா. அதுக்கும் எஸ்ஸுக்கும் நடுவுல புள்ளி கூடாது."

"சின்ன எழுத்து வராதுங்க. அந்த வகுப்புக்குப் போறதுக்குள்ள எங்கப்பா மாட்டைக் கையில குடுத்துட்டாருங்க."

"சரி, பெருசாவே வெட்டு. பையன் படிச்சதும் அரைகுறைதான்."

அந்த வருசம்தான் என் வீட்டுக்காரிக்கு இருமல் நிற்கவில்லை. தருமபுரி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். சீட்டின் மேலே டி.பி. என்று இரண்டு பெரிய எழுத்து, இரண்டு புள்ளி. எதைச் சுருக்கி அப்படி எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு தட்டையும் டம்ளரையும் என் முன்னால் வைத்தாள்.

"அந்த ரெண்டு எழுத்தையே இதுல வெட்டிடு. குழந்தைங்க இருக்கற வூடு. மாறிடக் கூடாது."

"அது அவ பேரு இல்லம்மா."

"பின்ன என்னத்த வெட்டுவ?"

என் வீட்டுக்காரியின் இனிஷியலை வெட்டினேன். அவள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தட்டெல்லாம் அடுக்கில் இருக்கும். அவளுடையது தனியாக ஜன்னலில் இருக்கும்.

ஒன்றரை வருசம் ஊசி, மாத்திரை. மாதாமாதம் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கடைசியில் டாக்டர், "சுத்தமா போயிடுச்சு. இனி எல்லாரோடயும் சாப்பிடும்மா" என்றார்.

அன்று அவள் தட்டைக் கழுவி அடுக்கில் வைத்தாள். அம்மா எழுத்தைப் பார்த்து எடுத்தாள், திரும்ப ஜன்னலில் வைத்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரியே அதை ஜன்னலில் வைத்துவிட்டாள். நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. வீட்டுத் தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் வாசலுக்கு எடுத்துவந்தேன். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுச் சாமான். ஒவ்வொன்றிலும் அவளுடைய இரண்டு எழுத்தை வெட்டினேன். என்னுடையதில், பிள்ளைகளுடையதில், அம்மாவுடையதில். ஒரு புள்ளிகூட விடவில்லை. ஜன்னலில் இருந்ததையும் சேர்த்துக் கழுவி அடுக்கினேன்.

சோற்றுக்கு உட்காரும்போது அம்மா ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"எது யாருதுன்னே தெரியலையேடா."

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா கையிலிருந்த தட்டை என் வீட்டுக்காரியிடம் நீட்டினாள்.

"சோத்தப் போடு. பசிக்குது."