ஹீவா லகூனில் பரமேஸ்வரன்

யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட அன்று சிவமலரிடம் அவளுடைய அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லண்டனிலை கொண்ணன்ரை படம் ஒண்டு எங்கையேன் இருக்கும். தேடி அனுப்பு பிள்ளை. அவன்ரை முகம் எனக்கு மறந்துகொண்டு போகுது."

அண்ணன் பரமேஸ்வரன் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எண்பத்து நான்கில் அகதியாக லண்டன் போனவன். எண்பத்தெட்டாம் ஆண்டு மாரியில் ஒரு காலை, பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். முப்பத்திரண்டு வயது. கூட இருந்த நண்பர்களே கொள்ளி வைத்தார்கள். வீட்டிலிருந்த அவனுடைய படங்கள் எல்லாம் அதற்கு முந்திய வருடமே, ஷெல் விழுந்தபோது, வீட்டோடு எரிந்து போயிருந்தன.

லண்டனுக்கு வந்ததும் சிவமலர் ஹவுன்ஸ்லோவில் தன் கணவன் யோகலிங்கத்தோடு ஓர் அறையில் குடியேறினாள். அவர் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தார். அவள் விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். முதல் விடுமுறை நாளிலேயே இருவரும் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனார்கள். அங்கேதான் பரமேஸ்வரனோடு ஒரே அறையில் இருந்த தியாகராஜா இருந்தார்.

அவர் அண்ணனுடைய பையைப் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு ரேடியோ, ஓர் அடையாள அட்டை. அட்டையில் படம் இருந்தது. ஆனால் முத்திரை நேரே முகத்தின் மேல் விழுந்திருந்தது. நெற்றியும் ஒரு காதும் மட்டும்தான் தெரிந்தன.

"வேறை படம் ஒண்டும் இல்லையோ, தியாகு அண்ணை?"

"படம் பிடிக்கிற ஆளில்லைத் தங்கச்சி அவன்." தியாகராஜா கொஞ்சம் யோசித்தார். "ஆனா அவன் வேலை செய்த இடத்திலை இருக்கோணும். அங்கை ஒரு படப்பிடிப்பாளன் மேசை மேசையாப் போய் ஆக்களைப் படம் எடுத்து விக்கிறவன். எல்லாரும் கொண்ணையைத் தங்களுக்குப் பக்கத்திலை நிப்பாட்டித்தான் எடுப்பினம்."

"ஹோட்டல் வேலை எண்டுதானே எங்களுக்குச் சொன்னவர்?"

தியாகராஜா தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஹோட்டல்தான். பேஸ்வாட்டரிலை, நிலத்துக்குக் கீழை. ஹீவா லகூன் எண்டு பேர். பசிபிக் கடல்லை தீவுகள் இருக்கெல்லோ, பொலினீசியா எண்டு, அது மாதிரி மூங்கிலும் தென்னோலையும் வைச்சுச் சோடிச்ச ரெஸ்டோரண்ட். கொண்ணையைக் கண்டவுடனை அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. பூப்போட்ட சேட்டும் சிப்பி மாலையும் போட்டு, டாமா எண்டு பேரும் வைச்சு, டஹிட்டித் தீவு ஆள் எண்டு சொல்லி விட்டாங்கள். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

சிவமலருக்கு நம்ப முடியவில்லை. அப்பா தலைமை ஆசிரியராக இருந்தவர். அண்ணன் விஞ்ஞானப் பட்டதாரி. சேட்டின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றி விடாமல் வெளியே போகிறவன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் யன்னல் பக்கமாகவே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

பேஸ்வாட்டர் ஹோட்டல் கைமாறியிருந்தது. ஹீவா லகூன் இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடம். வரவேற்பறையில் இருந்த பெண்ணுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. வயதான துப்புரவுத் தொழிலாளி ஒருவருக்குத்தான் நினைவிருந்தது. எண்பத்தொன்பதில் மூடியதும் எல்லாவற்றையும் குப்பைத் தொட்டியில் ஏற்றி வாசலில் மழையில் விட்டார்கள் என்றார் அவர். படச்சுருள்கள்? அவையும்தான். அவர் அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இயந்திரங்களில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இரண்டு தூண்கள். வெள்ளை அடித்திருந்தாலும் தென்னை மரத்துக்கு இருப்பதுபோல வளையம் வளையமாகச் செதுக்கியிருந்தது தெரிந்தது. சிவமலர் அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"இனி விடும்," என்றார் யோகலிங்கம். "கடையே இல்லை. இல்லாத கடையை எங்கை போய்த் தேடுறது?"

அவள் விடவில்லை. தொழிற்சாலையில் யாரைக் கண்டாலும் கேட்டாள். பழைய சாமான் சந்தைகளுக்குப் போனாள், தருமத்துக்கு நிதி சேர்க்கும் தானக் கடைகளில் பழைய படச் சட்டங்களைக் கிளறினாள். ஒருநாள் ஹவுன்ஸ்லோ தானக் கடை ஒன்றில், பூச்சாடிகளுக்குப் பின்னால், ஒரு மண்ணிறக் குவளை அவளை முறைத்துப் பார்த்தது. துருத்திய கண், பிதுங்கிய பல், அகன்ற மூக்கு. வைரவரை யாரோ குவளையாகச் செய்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அடியைத் திருப்பினாள். ஹீவா லகூன், லண்டன் என்று எழுதியிருந்தது.

கடையில் இருந்த ஆங்கிலேயப் பெண் அதை விற்கமாட்டேன் என்றாள். ஃபெல்தத்தில் இருக்கும் டெனிஸ் ஹார்வுட் என்பவருக்காக எடுத்து வைத்ததாம். அந்த உணவகத்தின் சாமான் எதுவாக இருந்தாலும் அவர் வாங்குவாராம். சிவமலர் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யோகலிங்கமும் அவளும் ஃபெல்தம் போனார்கள். டெனிஸ் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. அவரும் மனைவி மொரீனும் கல்யாண நாளுக்கு, பிறந்த நாளுக்கு என்று எப்போதும் ஹீவா லகூனுக்குத்தான் போயிருக்கிறார்கள். அது மூடப்பட்டது தெரிந்து ஓடிப்போய், மழையில் நனைந்து கிடந்தவற்றில் தூக்க முடிந்ததைத் தூக்கி வந்திருந்தார் டெனிஸ். படச்சுருள்களை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன என்றார்.

அவருடைய கார் கொட்டிலுக்குள் கார் இல்லை. மூங்கில் மேசை ஒன்று, காய்ந்த பேத்தை மீனுக்குள் பல்பு வைத்த விளக்குகள், துடுப்புகள், மெனு அட்டைகள், தீப்பெட்டிகள். சுவரில் ஒரு பூப்போட்ட சேட்டு கொழுவியிருந்தது. அதன் கீழே ஓர் அட்டையில் கையால் எழுதியிருந்தது: டாமா, டஹிட்டி.

சிவமலர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவன்தான் அந்த இடத்தின் உயிர்," என்றார் டெனிஸ். "தன் தீவைப்பற்றி எவ்வளவு சொல்லுவான் தெரியுமா? தட்டையான தீவாம். மதில்கள் எல்லாம் பவளக் கல்லாம். சொந்தக்காரர் இல்லாத குதிரைகள் வெட்டவெளியில் திரியுமாம். மொரீன் புத்தகசாலையில் போய்த் தேடினாள். டஹிட்டிப் பக்கம் அப்படி ஒரு தீவு அகப்படவே இல்லை."

"அது டஹிட்டி இல்லை," என்றாள் சிவமலர். படித்த ஆங்கிலமெல்லாம் எங்கோ ஓடிப்போய் விட்டது. "நெடுந்தீவு. இலங்கையில் இருக்கிறது. குதிரைகள் இருக்கின்றன. நானும் அங்கேதான் பிறந்தேன். அவர் என் அண்ணன். பரமேஸ்வரன்."

டெனிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று கோபிக்கப் போகிறாரோ என்று யோகலிங்கம் ஓரடி முன்னால் வந்தார். ஆனால் மொரீன் முகம் மலர்ந்து கேட்டாள்.

"டாமா எப்படி இருக்கிறான்? திடீரென்று ஒருநாள் போனால் ஆளைக் காணவில்லை. கேட்டோம். ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான் என்றார்கள். எங்களிடம் சொல்லாமல் போய்விட்டானே என்று எனக்கு வருத்தம்."

சிவமலருக்கு இது எதிர்பாராத கேள்வி. அண்ணனின் சாவை அவள் யாருக்கும் அறிவித்ததில்லை. எல்லோரும் அவளுக்குத்தான் அறிவித்தார்கள்.

"அவர் ஊருக்குப் போகவில்லை," என்றாள். "செத்துவிட்டார். அந்த மாரியில்தான். பஸ் தரிப்பில்."

மொரீன் மூங்கில் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லவில்லையே," என்றார் டெனிஸ். "இத்தனை நாளும் அவன் ஏதோ கடற்கரையில் வெயிலில் இருக்கிறான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். தெரிந்திருந்தால் சவச் சடங்குக்கு வந்திருப்போம். கட்டாயம் வந்திருப்போம்."

மொரீன் அவர்களை வீட்டுக்குள் அழைத்துப் போனாள். வெள்ளிவிழாக் கல்யாண நாளன்று மருமகன் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது, அதில் அவன் வருவான் என்றாள். டெனிஸ் நாடாவைப் போட்டார்.

படம் ஒரே இருட்டு. மெழுகுதிரிகள், சிரிப்புச் சத்தம், கமராவை மறைக்கும் யாரோ ஒரு பெண்ணின் கொண்டை. பிறகு வலப்பக்கத்திலிருந்து நெருப்பு எரியும் தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு ஓர் ஆள் வந்தான். செம்பரத்தம் பூப் போட்ட சேட்டு. கழுத்தில் சிப்பி மாலை. மீசை இல்லை. சிவமலருக்கு முதலில் அடையாளம் பிடிபடவில்லை. தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து அவன் சிரித்தான். அதோடு சந்தேகம் போய்விட்டது. "இருபத்தைந்து வருடமா, மிசிஸ் ஹார்வுட்? இன்னும் இவர் ஓடிப்போகவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். மேசை முழுவதும் சிரித்தது. தட்டை மறுபடி தள்ளி வைக்கப் போனவன் விரலைச் சட்டென்று இழுத்து உதறினான்.

"ஐயோ அம்மா, சுடுது!"

சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படத்துக்குள் யாரோ அது என்ன பாஷை என்று கேட்டார்கள். டாமா ஒரு கணமும் தடுமாறாமல், எங்கள் தீவில் மணமக்களை வாழ்த்துவது அப்படித்தான் என்றான். உடனே எல்லோரும் கிண்ணங்களை உயர்த்தி ஒரே குரலில் கத்தினார்கள்: "ஐயோ அம்மா சுடுது!"

"நாங்கள் இன்றுவரைக்கும் கல்யாண நாளன்று அதைத்தான் சொல்லுகிறோம்," என்றாள் மொரீன். "என்ன அர்த்தம் அதற்கு?"

சிவமலர் சொன்னாள். டெனிஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தார். யோகலிங்கமும் சிரித்தார். சிவமலரும் சிரிக்கத்தான் தொடங்கினாள். எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. அண்ணன் செத்த செய்தி வந்த நாளில் அம்மாவைப் பிடிப்பதிலேயே அவளுக்குப் பொழுது போய்விட்டது. அன்று அழாததும் சேர்ந்து இப்போது வந்தது. மொரீன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

புறப்படும்போது டெனிஸ் கார் கொட்டிலுக்குள் போய்ச் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். "அவனுடைய சரியான பெயரை எழுத வேண்டும். மெதுவாகச் சொல்லுங்கள்," என்றார். எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார். ஊரையும் எழுதினார். "டாமா என்பதையும் கீழே விடட்டுமா? எங்களுக்கு அவன் அதுதான்." சிவமலர் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

நாடாவின் பிரதி ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்துக்கு அதை அனுப்பி என்ன பயன்? ஈஸ்ட் ஹாமில் ஸ்டூடியோ வைத்திருந்த சேகரிடம் கொண்டு போனாள். கும்பகோணத்துக்காரர். அண்ணன் நிமிர்ந்து சிரிக்கும் இடத்தில் நாடாவை நிறுத்தி, திரையைப் படமெடுத்துப் பெரிதாக்கித் தந்தார்.

"அம்மாவுக்கு அனுப்பப் போறீங்க, இல்லையா? இந்தப் பூச்சட்டை வேண்டாமே மேடம். கோட்டு, டை வரைஞ்சு தர்றேன். மீசையும் வச்சுடலாம். யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

அவள் அதற்காகத்தான் வந்திருந்தாள். வரும் வழியெல்லாம் அதைப்பற்றித்தான் யோசித்தாள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் கோட்டுத்தான் வேண்டும் என்றிருப்பார். ஆனால் படத்தைக் கையில் எடுத்ததும் அந்தச் சிரிப்புக்குக் கீழே இன்னொருவனுடைய சட்டையை மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம். இருக்கிறபடி இருக்கட்டும்."

கொழும்புக்குப் போன ஒருவரிடம் படத்தைக் கொடுத்துவிட்டாள். தரைப்பாதை போரில் அடைபட்டிருந்ததால், அது படகில் கிளாலிக் கடலைத் தாண்டி அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மாதக்கணக்காகத் தெரியவில்லை. தொண்ணூற்று நான்காம் ஆண்டு கண் ஒப்பரேஷனுக்காக அம்மா கொழும்புக்கு வந்தபோதுதான் தொலைபேசியில் பேச முடிந்தது. குரல் மிகவும் தேய்ந்திருந்தது.

"படம் கிடைச்சுதோ, அம்மா?"

"ஓம் பிள்ளை."

சிவமலர் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அம்மா இனிச் சேட்டைப்பற்றிக் கேட்கப்போகிறாள், மாலையைப்பற்றி, மீசையைப்பற்றி. உண்மையையே சொல்லிவிடுவது என்று சிவமலர் தீர்மானித்து வைத்திருந்தாள்.

"கன்னத்திலை சதை வைச்சிருக்கு," என்றாள் அம்மா. "நான் அவன் அங்கை பட்டினி கிடந்துதான் செத்தவனோ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். நல்லாச் சாப்பிட்டிருக்கிறான், என்ன?"

"ஓம் அம்மா," என்றாள் சிவமலர். "நல்லாச் சாப்பிட்டவர். எல்லாருக்கும் அவரிலை நல்ல விருப்பம்."