சின்னக் கல்லூரியைப் பார்க்க மூன்று பேராய்ப் போனது

பிரம்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு சின்னத் தனியார் கல்லூரிகளைப் பார்க்கப் போகிறாராம். அவ்வளவு தூரம் அலைவது பிரயோசனமா என்று கேட்கிறார். பிரயோசனம்தான். ஆனால் யாரோடு போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். நான் போனது 1996 பெப்ரவரியில், மொன்ட்ரியாலில். அப்போது எனக்குப் பதினேழு வயது. இன்றைக்கும் நினைத்தால் வயிறெரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியூபெக்கில் பள்ளி முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு முன் இரண்டு வருடம் கல்லூரியில் படிக்க வேண்டும். அரசாங்கக் கல்லூரிகள் பெரியவை. நான் ஆசைப்பட்டதோ நகரின் மேற்கே, மேற்குத் தீவு என்கிற பகுதியில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி. தத்துவம், வரலாறு, இலக்கியம், கொஞ்சம் கணிதம் எல்லாம் சேர்த்துப் படிப்பிப்பார்கள். வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். உதவித்தொகை தருவதாக எழுதியிருந்தார்கள், ஆகவே காசு தடையில்லை. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அப்பாவும் மறுக்கவில்லை. "போய்ப் பாப்பம்" என்றார்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். காரோ கல்லூரியோ, படித்த மனிதர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டாமல் முடிவெடுக்க மாட்டோம். அப்பாவுக்கு அந்த மனிதர் புரொபசர் அங்கிள். சென்னைக்காரர், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பிப்பவர். நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் பாதிப் பிள்ளைகள் என்ன படிப்பது என்று தீர்மானித்தது அவருடைய வாய்தான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து புறப்பட்டோம். அங்கிளின் கார் குளிரில் கிளம்பாததால் மெட்ரோ. அகாடியில் நீலப் பாதையில் ஏறி, ஸ்னோடனில் செம்மஞ்சள் பாதைக்கு மாறி, லியோனல்-குரூவில் இறங்கினால் மேற்கே போகும் பஸ். எல்லாமாக ஒன்றரை மணி நேரம், ஒரே டிக்கெட்டில் போய்விடலாம். பஸ்ஸில் இடது பக்கம் உட்காருங்கள், ஏரி தெரியும். அன்றைக்கு அது உறைந்து கிடந்தது. காலணிக்குள் இரண்டு சோடி காலுறை போடுங்கள். நிறுத்தத்தில் நின்றே விறைத்துப்போனோம்.

கட்டடம் பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கல்வீடு ஒன்று, பின்னால் இரண்டு மாடி. அங்கிள் ஆய்வுகூடத்தை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு, வந்திருந்த பிள்ளைகளை நீள்வட்ட மேசையைச் சுற்றி இருத்தி ஒரு மாதிரி வகுப்பு நடத்தினார்கள். பெற்றோருக்குச் சுவரோரம் நாற்காலி. பயத்தினால் நல்லது செய்பவன் நல்லவனா என்று கேட்டார் ஆசிரியர். இல்லை என்றார்கள் எல்லோரும். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ! யுத்தத்தின்போது ஊரில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் தன் அதிகாரிக்குப் பயந்துதான் எங்களைத் தொடாமல் விட்டான், அவன் மனசைப் பற்றி எனக்கென்ன, நாங்கள் தப்பினோமே என்றேன். ஆசிரியர் சுண்ணக்கட்டியை எடுத்தார். இத்தனை வருடம் இதைப் படிப்பித்திருக்கிறேன், இந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை, திரும்ப யோசிக்க வேண்டும் என்று சொல்லி, நான் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினார். மொன்ட்ரியாலில் அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு அங்கிளிடம் கேட்டார். "ஐயா என்ன சொல்லுறியள்?"

"சின்ன காலேஜ் அந்தோனி. வெளியில நாலு பேருக்குப் பேரே தெரியாது. பொண்ணு நல்லாத்தான் பேசுது. பேசினா யாரு வேலை குடுப்பாங்க? பெரிய காலேஜ்ல சயன்ஸ்ல சேத்துவிடுங்க."

"அப்பா, நான் சொன்னதை அவர் போர்டிலை எழுதினவர்" என்றேன்.

"அதுதான் பிள்ளை எனக்கும் விளங்கேல்லை. கேள்வி கேட்டவருக்கே மறுமொழி தெரியாது. பிள்ளையளிட்டைக் கேட்டு அறியிற வாத்தி என்ன வாத்தி?"

அதோடு முடிந்தது. பெரிய கல்லூரியில் சயன்ஸ் படித்தேன். மண்டபத்தில் பின்வரிசை, ஒலிபெருக்கியில் பாடம். இரண்டு வருடத்தில் ஒரு ஆசிரியருக்கும் என் பெயர் தெரியாது. பௌதிகத்தில் இரண்டு தரம் தவறினேன். அப்படிப் படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வரவில்லை. இன்று ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் அடைத்த சோதனைக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறேன். நல்ல வேலைதான். யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

ஆகவே வாசகியே, கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். ஒரு வகுப்பில் கடைசிவரை இருங்கள். உங்கள் மகள் வாய் திறக்கிறாளா, திறந்தால் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர் காது கொடுக்கிறாரா என்று பாருங்கள். பேருக்கு மயங்கினால் பேர் மட்டும்தான் மிஞ்சும். தீர்ப்புச் சொல்ல ஆள் கூட்டிப்போகாதீர்கள். திரும்பிவரும்போது அவளை முதலில் பேச விடுங்கள்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1999 கோடையில் அங்கிள் வீட்டில் விருந்து. அவருடைய மகன் அமெரிக்காவில், வெர்மான்டில் படிக்கப் போகிறான். சின்னத் தனியார் கல்லூரி. "கிளாஸுக்குப் பதினைஞ்சு பேருதான் அந்தோனி. ஒவ்வொரு பையனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. யோசிக்கக் கத்துக் குடுக்கறாங்க. படிப்புன்னா அதுதான்" என்று அங்கிள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அப்பா தட்டைக் கையில் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டே நின்றார். நான் மேசை துடைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். பார்க் மெட்ரோவில் ஏறுபடியில் நின்று, உண்மையான கவலையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உப்பிடியான இடங்கள் இருக்கெண்டு அண்டைக்கு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, பிள்ளை."