அக்கா கடையின் நாற்காலிகள்

அக்கா போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தம்பியின் வணக்கம். படத்துக்குக் கீழே நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அத்தான் கேட்டார். நல்லது நிறைய உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை. பொறுத்தருளுங்கள்.

அக்கா சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில், துறைமுகத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா நோயில் படுத்ததும் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டார். எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அவர் கைதான். அத்தானை மணந்து ஆங் மோ கியோவுக்குக் குடிபோனார். பிள்ளைப்பேறு இல்லை. அந்த ஏக்கத்தை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டே தீர்த்துக்கொண்டார். பள்ளி உணவகத்தில் பல காலம் அடுத்தவர் கடைக்கு இடியாப்பம் பிழிந்தார். அந்தக் கடை மூடப்பட்டபோது அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. போன இடத்திலெல்லாம் வயதைக் கேட்டார்கள்.

"இனி யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன் தம்பி. தேக்கா மார்க்கெட் பக்கம் சொந்தமா சாப்பாட்டுக் கடை போடப்போறேன்," என்றார்.

சிறுதொழில் தொடங்குவோருக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஒன்றுக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். அங்கிருந்த தமிழ் இளைஞர் பொறுமையாகப் பேசினார். உதவித் திட்டங்களை விளக்கினார், பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிந்து கொடுத்தார். பிறகு, "உங்க கஸ்டமர் யாரு அக்கா?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுங்கதான் லா. இவன் கல்யாணத்துக்கு மண்டபம் கொள்ளல, தெரியுமா?"

"அவங்க தினமும் வந்து காசு குடுத்துச் சாப்பிடுவாங்களா?"

அக்கா சிரித்துவிட்டார். "சொந்தக்காரங்ககிட்ட எப்படிங்க காசு வாங்குறது? அவங்க வந்து சாப்பிடட்டும். நல்லா இருந்தா வெளிய நாலு பேர்கிட்ட சொல்வாங்க. அந்த நாலு பேரு காசு குடுப்பாங்க."

அந்தத் தம்பி என்னைப் பார்த்தார். சொந்தக்காரர்களிடமும் விலையைச் சொல்லி வாங்கிக்கொள்ளும்படி அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

அத்தானின் சேமிப்பெல்லாம் முன்பணத்துக்கும் அடுப்புக்கும் போயிற்று. கடை திறந்த அன்று நீங்கள் அனைவரும் தாம்பூலத் தட்டோடு வந்தீர்கள். பால் காய்ச்சி, வயிறு நிறையச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனீர்கள். கிளம்பும்போது எங்கள் சித்தி, அக்காவின் கையில் பணநோட்டைத் திணிக்க, அக்கா அதைத் திரும்ப அவர் கைப்பையில் திணிக்க, வாசலில் ஒரு மல்லுக்கட்டே நடந்தது. ஜெயித்தது அக்காதான். எல்லாரும் சிரித்தோம்.

அதன் பிறகு நீங்கள் வரவில்லை.

நான் பேருந்து ஓட்டுநர் என்பது உங்களுக்குத் தெரியும். என் தடம் அந்தக் கடை வழியாகத்தான் போகிறது. கடைக்கு எதிரே சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் உள்ளே பார்ப்பேன். துடைத்த மேசைகள், காலி நாற்காலிகள், நடுவில் துணியும் கையுமாக அக்கா நிற்பார். பேருந்து நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஒருவரைக்கூட அந்தக் கடைக்குள் இறக்கிவிட முடியாத கொடுமையை நான் யாரிடம் சொல்வது? ஒருநாள் சித்தி எதிர்ப்பக்க நடைபாதையில் போவதைப் பார்த்தேன். கடைக்கு நேரே வந்ததும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார். வெயில் அந்தப் பக்கம் இல்லை. அக்காவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் தவறாமல் வந்தவர் பக்கத்துத் துணிக்கடை பாய் ஒருவர்தான். அன்றைய முதல் வியாபாரம் தம்முடையதாக இருக்கவேண்டும் என்று கடை திறக்கும்போதே வந்துவிடுவார். அக்கா அவரிடமும் காசு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"போணி சும்மா ஆகக் கூடாது தங்கச்சி. காசப் புடிங்க. இல்லன்னா நாளைக்கு நான் வரமாட்டேன்."

பல நாள் அந்தப் போணியோடு சரி. வாடகை ஏறியது. வேலைக்கு வைத்திருந்த பெண்ணை அனுப்பிவிட்டு அக்காவே பாத்திரமும் கழுவினார். நெஞ்சு வலிக்கிறது என்றபோது மருத்துவரிடம் போகச் சொன்னோம். "கடையச் சாத்திட்டுப் போனா, வர்ற ஒருத்தரும் திரும்பிப் போயிருவாங்கடா," என்றார். ஒரு மதிய வேளையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே சரிந்தார்.

மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கேட்டது இதுதான். "நம்ம ஆளுங்க யாருமே வரலையே தம்பி. என் சமையல் அவ்வளவு மோசமா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அந்தக் கேள்வியோடுதான் போனார்.

இறுதிச் சடங்கன்று ஆங் மோ கியோவில் அக்கா வீடிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நிற்க இடமில்லை. வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் போதவில்லை. பாய் தம் வேனை அனுப்பி, அக்கா கடையின் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் சித்தி அழுதார்.

"அது எங்ககிட்ட காசு வாங்காதுப்பா. பாவம், புதுசா கடை போட்டிருக்கு, நாம போய் ஓசியில தின்னு அதுக்கு நஷ்டம் வைக்கக் கூடாதுன்னுதான் நான் போகல. அது பாத்தாக் கூப்பிடுமேன்னு குடையப் புடிச்சு மறைச்சிக்கிட்டுப் போனேன்."

பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள், தாங்களும் அப்படி நினைத்துத்தான் வரவில்லை என்றார்கள். ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள். உங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. சித்தியும் இதை எழுதச் சொல்லிவிட்டார். ஆனால் அக்கா காது கேட்க ஒருவர், ஒரே ஒருவர், இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? அந்த நாற்காலிகள் எல்லாம் நிறைந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அக்காவுக்குத் துணை நின்ற பாய்க்கும், அலுவலக நேரம் முடிந்தும் கடைக்கு வந்து யோசனை சொன்ன அந்தத் தம்பிக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், தோள்கொடுத்துக் கடைசிவரை நடந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடையை அத்தான் இன்னும் நடத்துகிறார். இடியாப்பம் அக்கா கைப்பக்குவத்தில் வருவதில்லை, ஆனாலும் பிழிகிறார். இந்த மாதக் கடைசிக்குள் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, சாவியைக் கொடுப்பதா என்று சொல்லியாக வேண்டும். அத்தான் அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நாற்காலிகளைத் திரும்பவும் கடையில் போட்டிருக்கிறோம். வாருங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். அத்தான் காசு வாங்கிக்கொள்வார், சத்தியம் வாங்கியிருக்கிறேன். எதிரே சிவப்பு விளக்கு விழும்போது நான் உள்ளே பார்ப்பேன்.