வந்தவருக்குக் கொடுத்த தண்ணீர்

உரம் போட்டு இறைத்த வெங்காயத் தோட்டத்தின் மணம் எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு நாக்கு வறண்டுவிடும். ஆனால் யாரிடமும் தண்ணீர் கேட்கமாட்டேன். புத்தூரில், அக்கா வீட்டில், ஒரு மத்தியானம் தொடங்கிய பயம் அது.

அக்காவின் மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை. பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். நான் போனபோது அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தோட்டத்தோடு ஒட்டிய கிணறு. குளிக்க, தோய்க்க மட்டுந்தான் அது. குடிக்கிற தண்ணீர் எந்நாளும் கோயில் கிணற்றிலிருந்து குடத்தில் வரும்.

"கோயில் கிணத்துக்குப் போறேல்லையோ இப்ப?"

"இனி ஏன்?" அக்கா சிரித்தாள். "சுகாதாரப் பகுதி ஆக்கள் வந்து ஒழுங்கை முழுக்க வீடு வீடாத் தண்ணி சோதிச்சவங்கள், தம்பி. வீட்டுக்கொரு போத்தல் வாங்கிக்கொண்டு போனவங்கள். எல்லாம் நல்ல தண்ணியாம். ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் வித்தியாசமே இல்லையாம்!"

அந்தக் கடைசி வார்த்தைதான் தைத்தது. முழுவதையும் அளக்க முடியாது, கொஞ்சத்தை எடுத்து முழுவதையும் அறி என்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். ஆனால் எடுத்த கொஞ்சங்கள் தங்களுக்குள் முரண்பட வேண்டும். முரண்படாவிட்டால் எனக்கு நித்திரை வராது. இது சுண்ணாம்புக்கல் நிலம், உள்ளே முழுக்கப் பொந்து. வேலிக்கு இந்தப் பக்கம் இனிக்கும், அந்தப் பக்கம் உவர்க்கும். ஒன்றில் உரம் ஊறும், இன்னொன்றில் மலகூடக் குழி. ஒரு தாய் வயிற்றுச் சகோதரர்களைப் போல ஒன்றுக்கொன்று ஒத்துவராத கிணறுகள், எப்படி ஒரே வாயால் பேசின?

"அக்கா, போத்தலுக்குத் தண்ணி எங்கையிருந்து குடுத்தனீங்கள்?"

"குடத்திலையிருந்து."

"கோயில் கிணத்துத் தண்ணியோ?"

"பின்னை? வெய்யிலுக்கை வந்து வாசலிலை நிண்டு தண்ணி கேக்கிற ஆளுக்கு எங்கடை கடுந்தண்ணியையோ குடுக்கிறது? கணக்கு வாத்தியாருக்கு உதுகூடத் தெரியாது." மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "பக்கத்து வீட்டு மனுசி தேசிக்காயும் பிழிஞ்சுவிடப் பாத்தவ. அவங்கள்தான் வேண்டாமெண்டவங்கள்."

"அவவும் குடத்துத் தண்ணிதானோ?"

"ஓம். இந்த ஒழுங்கையிலை ஆர்தான் வந்த ஆளுக்கு..."

அக்கா நிறுத்தினாள். முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது.

வீட்டுக்கொரு கிணறு என்று எண்ணிப் போத்தல்களை நிரப்பிப் போனார்கள். எல்லாப் போத்தலிலும் போனது ஒரே கிணறு. சொந்தக் கிணறுகள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் நல்ல தண்ணீர் என்று வாசித்திருக்கிறார்கள். அதை நம்பி, குழந்தையின் வாய்க்குள் ஊற்றியிருக்கிறோம்.

"நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் மாமா குடுத்தனான்," என்றாள் அக்காவின் மகள்.

"கொதிச்சா உரம் போகாது பிள்ளை. உரம் ஊறின தண்ணி பச்சைப் பிள்ளையளை நீலமாக்கிப்போடும்."

அவள் கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கினாள். நான் குழந்தையிடம் குனிந்தேன். உதட்டில் தெரிந்தது நிழலா, நீலமா? வெளிச்சத்துக்குத் திருப்பினேன், ஒரு நிறம். மறுபக்கம் திருப்பினேன்; வேறொரு நிறம். எதை நம்புவது?

"இப்பவே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ," என்றேன். "வீட்டுக் கிணத்துத் தண்ணியிலை எனக்கொரு போத்தல் தாங்கோ. நான் ரவுணிலை இருக்கிற ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கக் குடுக்கிறன்."

ஓட்டோ வந்தது. அக்காவின் மகள் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினாள். நான் புறப்படும்போதெல்லாம் குடத்துத் தண்ணீரை ஒரு போத்தலில் நிரப்பி, வழியில் குடி என்று தருவது அக்காவின் வழக்கம். அன்றும் போத்தலை என் கையில் வைத்தாள். ஈரம் சொட்டியது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். ஓட்டோவில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"தம்பி, உது எங்கடை கிணத்துத் தண்ணி. மறந்துபோய்க் குடிச்சுப்போடாதை."